லிப்ட் மெக்கானிக் ஆவது எப்படி: மதுரைப் பக்கத்து ஆட்களுக்கு முழு வழிகாட்டி

"லிப்ட் மெக்கானிக் லைசென்ஸ், 15 நாளில் கையில்" என்று யாராவது சொல்லிப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். அமெரிக்காவின் பல மாநிலங்களில் லிப்ட் வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் தனியாள் உரிமம் உண்டு. நான்கு வருடம் அப்ரண்டிஸாக (வேலை செய்துகொண்டே பழகுபவராக) இருந்து, தேர்வு எழுதி வாங்குவார்கள். அதைக் காட்டும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு, "இங்கே அதை எந்த ஆபீசில் தருகிறார்கள்?" என்று கேட்கும் பையன்கள் அதிகம். இங்கே வழி வேறு. ஒரே அட்டையில் எல்லாம் முடியாது, கொஞ்சம் சுற்றித்தான் போக வேண்டும். ஆனால் எதற்குப் பிறகு எது என்று தெரிந்துவிட்டால், புரோக்கர் யாரும் தேவைப்பட மாட்டார்.

முதலில், யாருக்கு எந்தக் காகிதம்

தமிழ்நாட்டில் லிப்டுக்கென்று தனிச் சட்டம் 1997-இல் வந்தது. பிற்பாடு எஸ்கலேட்டரையும் அதில் சேர்த்தார்கள். அரசின் மின் ஆய்வுத்துறை இதைக் கவனிக்கிறது. தலைமை அலுவலகம் சென்னை கிண்டியில். மதுரையிலும் மின் ஆய்வாளர் அலுவலகம் உண்டு. ஒரு லாட்ஜிலோ ஆஸ்பத்திரியிலோ லிப்ட் வைக்க வேண்டுமென்றால் கட்டட உரிமையாளர் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். மாட்டி முடித்து, ஆய்வும் முடிந்தபின், ஓட்டுவதற்கு உரிமம் கிடைக்கும். இந்த உரிமம் லிப்டுக்கு, அதாவது அதன் உரிமையாளருக்கு. மெக்கானிக்குக்கும் இதற்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை. ஆனாலும் சர்வீசுக்குப் போகும்போது அது காலாவதி ஆகிவிட்டதா என்று பார்க்கும் பழக்கம் வேண்டும்.

அடுத்தது நிறுவனம். மத்திய மின்சார ஆணையத்தின் 2023-ஆம் ஆண்டு பாதுகாப்பு ஒழுங்குமுறைகள் (2010-இல் வந்தவற்றுக்குப் பதிலாக வந்தவை) சொல்வது சுருக்கமாக இதுதான்: மின் நிறுவல் வேலையை உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரர்தான் எடுத்துச் செய்ய வேண்டும், தகுதிச் சான்று வைத்திருக்கும் ஒருவரின் நேரடி மேற்பார்வையில் செய்ய வேண்டும்.

மூன்றாவதுதான் நீங்கள். உங்கள் கையில் இருக்க வேண்டியவை: ஐடிஐ சான்றிதழ், அப்ரண்டிஸ் சான்றிதழ், தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியம் தரும் தகுதிச் சான்றிதழ். இதற்கு மேல், நீங்கள் வேலை செய்யும் கம்பெனி "இந்த மாடல் லிப்டில் இவர் தனியாக வேலை செய்யலாம்" என்று உள்ளுக்குள் கொடுக்கும் அங்கீகாரம். இவை நான்கும் சேர்ந்ததைத்தான் ஊரில் "லிப்ட் லைசென்ஸ்" என்று பொதுவாகச் சொல்கிறார்கள்.

படி 1: எந்த டிரேடு (தொழிற்பிரிவு)

பத்தாம் வகுப்பு முடித்தவர் என்றால் ஐடிஐதான் நேர் வழி. "லிப்ட் மற்றும் எஸ்கலேட்டர் மெக்கானிக்" என்ற பெயரிலேயே மத்திய அரசின் பாடத்திட்டத்தில் இரண்டு வருட டிரேடு ஒன்று இருக்கிறது. பாடம் நல்ல பாடம். ஆனால் எல்லா ஐடிஐயிலும் அது கிடையாது. அதற்காக ஊரை விட்டுப் போய்த் தங்கிப் படிக்க வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்பேன்.

எலக்ட்ரீசியன் எடுங்கள். இரண்டு வருடம். லிப்ட் கம்பெனிகள் அதை எடுத்துக்கொள்ளும், தகுதிச் சான்றுக்கும் அது நேரடியாக உதவும். நாளைக்கு லிப்ட் வேலை பிடிக்காமல் போனால் மின்வாரியம், ரயில்வே, மில் என்று வேறு வாசல்களும் திறந்திருக்கும். அடுத்தது எலக்ட்ரானிக் மெக்கானிக்: இப்போதைய லிப்டில் கன்ட்ரோலர் போர்டும் டிரைவும்தான் (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) பாதி வேலை என்பதால் சர்வீஸ் பக்கம் இவர்களுக்கு மதிப்பு. ஃபிட்டர் படித்தவர்கள் எரக்ஷன் பக்கம், அதாவது கைட் ரெயில் (கேபின் ஓடும் தண்டவாளம்) நிறுத்துவது, மெஷின் ஏற்றுவது போன்ற வேலைகளில் ஜொலிப்பார்கள். எட்டாம் வகுப்பு மட்டும் முடித்தவர்களுக்கு ஒயர்மேன் டிரேடு இருக்கிறது. அதையும் குறைவாக நினைக்க வேண்டாம்.

மதுரையில் அரசு ஐடிஐ கே.புதூரில் இருக்கிறது. பத்தாம் வகுப்பு முடிவுகள் வந்த கையோடு, மே, ஜூன் மாதங்களில் ஆன்லைன் விண்ணப்பம் திறக்கும். வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித்துறையின் இணையதளத்தில் போட வேண்டும். ஆண்களுக்கு 14 முதல் 40 வயது வரை, பெண்களுக்கு மேல் வயது வரம்பே இல்லை. அரசு ஐடிஐயில் பயிற்சிக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சைக்கிள், சீருடை, ஷூ, பஸ் பாஸ் எல்லாம் உண்டு. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர் என்றால் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். ஐடிஐக்கும் அது பொருந்தும். தனியார் ஐடிஐயில் சேர்வதென்றால், அந்த டிரேடுக்கு மத்திய அரசின் (பழைய பெயரில் என்சிவிடி) அங்கீகாரம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். ஐடிஐக்கு அங்கீகாரம் இருந்து, நீங்கள் சேர்ந்த டிரேடுக்கு இல்லாமல் போன கதைகள் உண்டு.

டிப்ளமா படிக்க ஆசை இருக்கிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: இரண்டு வருட ஐடிஐ முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் வருடம் சேரலாம். சூப்பர்வைசர் சான்றிதழ் வரை போக நினைத்தால் இது பிற்பாடு ரொம்ப உதவும்.

சேரும்போதே ஒரு வேலையை முடித்துவிடுங்கள்

பெயர். ஆதாரில் ஒரு மாதிரி, பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் ஒரு மாதிரி, ஐடிஐ பதிவில் இன்னொரு மாதிரி இருந்தால், தகுதிச் சான்றுக்குப் போகும்போது அங்கேயே நின்றுவிடும். நம் ஊரில் இனிஷியல்தான் வில்லன். மார்க் ஷீட்டில் இனிஷியல் முன்னால் இருக்கும், ஆதாரில் பின்னால் இருக்கும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக விரிந்திருக்கும். தேசியத் தொழிற்சான்றிதழ் இப்போது டிஜிட்டலாகத்தான் வருகிறது. அதில் தப்பாக ஏறிவிட்டால் பிறகு திருத்த அலைய வேண்டும். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டை மூலமாக வைத்து, மற்ற எல்லாவற்றையும் எழுத்துக்கு எழுத்து அதற்குச் சரிசெய்துகொண்ட பிறகு ஐடிஐ விண்ணப்பத்தைப் போடுங்கள். இதைச் சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள், செய்பவர்கள் கொஞ்சம் பேர்.

படி 2: அப்ரண்டிஸ்

ஐடிஐ முடித்ததும் "நேரா வேலைக்குப் போயிடலாம், அப்ரண்டிஸில் சம்பளம் கம்மி" என்று பலர் இதைத் தாண்டிப் போகிறார்கள். தாண்டாதீர்கள். 1961-ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டத்தின் கீழ் ஒப்பந்தம் போட்டு, பயிற்சி முடித்து, அகில இந்தியத் தேர்வும் தேறினால் தேசிய அப்ரண்டிஸ் சான்றிதழ் கிடைக்கும். பெரிய கம்பெனியின் எச்ஆர் முதலில் கேட்பது இதைத்தான். உதவித்தொகைக்கும் குறைந்தபட்ச அளவு இருக்கிறது. 2019 விதிகள் ஐடிஐ முடித்தவருக்கு மாதம் 7,000 ரூபாய் என்று வைத்தன.

மத்திய அரசின் அப்ரண்டிஸ் போர்ட்டலில் பதிவு செய்து, லிப்ட் நிறுவனங்களைத் தேடி விண்ணப்பியுங்கள். ஜான்சன், கோனே, ஓடிஸ், ஷிண்ட்லர், மிட்சுபிஷி, டிகே, ஃபுஜிடெக் இவைதான் நம் பக்கம் அதிகம் கேட்கும் பெயர்கள். ஜான்சன் சென்னைக் கம்பெனி. கோனேயின் ஆலை ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் இருக்கிறது. சிறிய உள்ளூர் நிறுவனத்தில் வாய்ப்புக் கிடைத்தாலும் போகலாம், ஆனால் ஒப்பந்தம் போர்ட்டலில் பதிவாகியிருக்க வேண்டும். "சும்மா வந்து கத்துக்கப்பா, பெட்ரோல் காசு தர்றேன்" என்பது அப்ரண்டிஸ் ஆகாது. அந்த வருடம் எந்தக் காகிதத்திலும் வராது.

இண்டர்வியூவில் என்ன கேட்பார்கள்? பெரும்பாலும் மல்டிமீட்டரைக் கையில் கொடுப்பார்கள். ஒரு ரிலேயின் என்ஓ (இயல்பாகத் திறந்திருப்பது), என்சி (இயல்பாக மூடியிருப்பது) கான்டாக்டைக் கண்டுபிடி, மூன்று பேஸ் மோட்டார் எதிர்த் திசையில் சுற்றினால் என்ன செய்வாய், எர்த் ஏன் வேண்டும், இந்த மாதிரி. "ஹைட்டுக்குப் பயமா?" என்றும் கேட்பார்கள். பயம் இருந்தால் இருக்கிறது என்றே சொல்லுங்கள். கொஞ்சம் பயம் உள்ளவன் பெல்ட்டை ஒழுங்காக மாட்டுவான்.

படி 3: சைட்டில் கற்றுக்கொள்ள வேண்டியவை

சான்றிதழ்களை விட இந்தப் பகுதிக்கு அதிக நேரம் கொடுங்கள். இந்தத் தொழிலில் தப்பு செய்தால் திரும்பச் செய்துபார்க்க ஆள் இருக்காது.

முதலில் எடைக் கணக்கு. இந்தியாவில் லிப்டில் ஒரு ஆளுக்கு 68 கிலோ என்று வைத்திருக்கிறோம். அதனால்தான் 6 பேர் லிப்டில் 408 கிலோ, 8 பேர் லிப்டில் 544 கிலோ, 10 பேருக்கு 680, 13 பேருக்கு 884 என்று எழுதியிருக்கும். கேபினுக்கு மறுபக்கம் தொங்கும் கவுண்டர் வெயிட்டின் எடை, காலி கேபினின் எடையோடு முழுப் பாரத்தில் ஏறக்குறைய பாதியைக் கூட்டியது. 8 பேர் லிப்டில் காலி கேபின் 700 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதிப் பாரம் 272. ஆக கவுண்டர் வெயிட் 972 கிலோ.

இப்போது கேள்வி: கேபினில் ஒரே ஒரு ஆள் மாட்டிக்கொண்டிருக்கிறார். மேலே மெஷின் ரூமில் பிரேக்கை விடுவித்தால் கேபின் எந்தப் பக்கம் போகும்? புதிதாக வருகிறவர்களில் பாதிப் பேர் "கீழே" என்பார்கள். கேபின் 700, ஆள் 68, மொத்தம் 768. எதிர்த்தட்டில் 972. மேலேதான் போகும். நாலு பேர் இருந்தால் 972-க்கு 972, தராசு நிற்கிற மாதிரி நிற்கும். பிரேக்கை விட்டாலும் நகராது, கையால் சக்கரத்தைச் சுற்ற வேண்டும். நாலு பேருக்கு மேல் இருந்தால்தான் கீழே இறங்கும். இந்தக் கணக்கு மனதில் இல்லாமல் பிரேக் லீவரைத் தொடக்கூடாது. கேபின் மேலே போய்விடும் என்பது தெரியாமல் யாரோ ஒருவர் கேபின் தலையில் நின்றுகொண்டிருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இரண்டாவது, சேஃப்டி சர்க்கிட். பிட்டில் (லிப்டுக்கு அடியிலுள்ள குழி) ஸ்டாப் ஸ்விட்ச், ஒவ்வொரு மாடியிலும் டோர் லாக் கான்டாக்ட், கேபின் டோர் கான்டாக்ட், கவர்னர் ஸ்விட்ச், சேஃப்டி கியர் ஸ்விட்ச், மேலேயும் கீழேயும் பைனல் லிமிட், கேபின் தலையில் ஸ்டாப் ஸ்விட்ச்: எல்லாம் வரிசையாக ஒரே கோட்டில் கோத்திருக்கும். ஏதாவது ஒன்று திறந்தாலும் லிப்ட் நிற்க வேண்டும். எந்த இடத்தில் அறுந்திருக்கிறது என்று மீட்டர் வைத்து ஒவ்வொன்றாகத் தேடுவதுதான் சர்வீஸ் வேலையின் அடிப்படை. அவசரத்தில் ஒரு துண்டு ஒயரைப் போட்டு இரண்டு முனையைச் சேர்த்து லிப்டை ஓடவைப்பதும் நடக்கிறது. இதை "லூப் அடிக்கிறது", "ஜம்பர் போடுறது" என்பார்கள். சோதிக்கும் நேரத்தில், கதவுகள் மூடியிருக்க, இன்ஸ்பெக்ஷன் மோடில், இரண்டு பேர் இருக்கும்போது மட்டும் தற்காலிகமாக வைத்து எடுப்பது ஒன்று. அதை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போவது வேறு. டோர் லாக்கில் ஜம்பர் இருக்கும் லிப்ட் கதவு திறந்தபடியே ஓடும். பல நிறுவனங்களில் இதற்கு இரண்டாவது வாய்ப்புத் தர மாட்டார்கள், வேலை போய்விடும். சரியான விதிதான்.

மூன்றாவது, முக்கோணச் சாவி. மாடிக் கதவை வெளியிலிருந்து திறக்கும் அந்தச் சிறு சாவி மெக்கானிக் பையில்தான் இருக்க வேண்டும். வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு வரக்கூடாது. கதவைத் திறந்ததும் கேபின் அங்கே இருக்கும் என்ற நினைப்பில் காலை வைப்பதுதான் ஆளைக் கொல்வது. கொஞ்சமாகத் திற, கேபின் இருக்கிறதா பார், பிறகு முழுதாகத் திற. கரண்ட் போன நேரத்தில், இருட்டில், செல்போன் லைட்டில் வேலை பார்க்கும்போது இது இன்னும் கட்டாயம்.

அப்புறம் கவர்னர், சேஃப்டி கியர். கயிறே அறுந்தாலும் கேபின் கீழே விழாமல் கைட் ரெயிலைக் கவ்விப் பிடிப்பது இவைதான். கேபினின் வேகம் நிர்ணயித்த வேகத்தைக் குறைந்தது 15 சதவீதம் தாண்டியபின் கவர்னர் செயல்படும்படி அமைத்திருப்பார்கள். பயணிகள் பயப்படுவது கயிறு அறுவதற்கு. மெக்கானிக் பயப்பட வேண்டியது கதவுக்கு.

உண்மையில் தினசரி வரும் பிரேக்டவுன் அழைப்புகளில் கதவுப் பிரச்சினைதான் அதிகம். கதவு மூடுகிறது, உடனே திறக்கிறது, மறுபடி மூடுகிறது. போர்டை மாற்றச் சொல்லும் முன் சில்லில் (கதவு ஓடும் அடிப் பள்ளம்) மண் அடைத்திருக்கிறதா, சென்சார் கண்ணாடியில் தூசியா, ஹேங்கர் ரோலர் தேய்ந்திருக்கிறதா, லாக் கான்டாக்ட் கறுத்திருக்கிறதா என்று இந்த வரிசையில் பாருங்கள். ஜவுளிக்கடையில் நூல் பஞ்சு, ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் இடித்து வளைந்த கதவு, லாட்ஜில் எச்சில் துப்பிய சில். ஒவ்வொரு வகைக் கட்டடத்துக்கும் ஒரு நோய் உண்டு. மழைக்காலத்தில் பிட்டில் தண்ணீர், வருடம் முழுக்க எலி. ஒயரைக் கடித்த எலியைக் கண்டுபிடிக்க எந்தப் பாடத்திட்டமும் சொல்லித் தருவதில்லை.

தரநிலைப் புத்தகங்களில் ஐஎஸ் 14665 நீண்ட காலம் பைபிள் மாதிரி இருந்தது. 2022-இல் ஐஎஸ் 17900 வந்திருக்கிறது. வீட்டு லிப்டுக்கு ஐஎஸ் 15259. முழுதும் படிக்க வேண்டாம். பிட்டில் இறங்கும் ஏணி, கேபின் தலையில் கைப்பிடி, மெஷின் ரூம் வெளிச்சம் பற்றிய பக்கங்களையாவது படியுங்கள். அவை உங்கள் உயிரைப் பற்றியவை.

படி 4: தகுதிச் சான்றிதழ்

மின் உரிமம் வழங்கும் வாரியமும் கிண்டியில்தான் இருக்கிறது. ஆட்களுக்கு அது தருவது மூன்று நிலை: மின் கம்பியாள் உதவியாளர், மின் கம்பியாள், மேற்பார்வையாளர். நாம் பேச்சில் ஹெல்பர், ஒயர்மேன், சூப்பர்வைசர் என்போம்.

ஐடிஐ படிக்காமல், சின்ன வயதிலிருந்தே ஒயரிங் வேலை பார்த்து வந்தவர்களுக்குக் கீழ்நிலையில் ஒரு வழி இருக்கிறது. மின் கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வை வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித்துறை நடத்துகிறது. வயது 21 முடிந்திருக்க வேண்டும், மேல் வரம்பு இல்லை. ஒயரிங்கில் ஐந்து வருடத்துக்குக் குறையாத அனுபவம் வேண்டும், அதோடு துறை நடத்தும் மாலை நேர வகுப்பு போன்ற பயிற்சிகளில் தேறியிருக்க வேண்டும். அறிவிப்பு மாவட்ட ஆட்சியர் பெயரில் செய்தித்தாளில் ஒரு மூலையில் வரும். அதைத் தவறவிட்டால் அடுத்த அறிவிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டும். மதுரைக்காரர்கள் புதூர் ஐடிஐ நோட்டீஸ் போர்டை அவ்வப்போது எட்டிப் பார்ப்பது நல்லது. தேர்வு முடிந்து தேறினால் தானாகச் சான்றிதழ் வீட்டுக்கு வராது, வாரியத்துக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். பலர் இங்கேதான் சோம்பி விடுகிறார்கள்.

ஐடிஐ எலக்ட்ரீசியன் அல்லது ஒயர்மேன் முடித்தவர்கள் ஒயர்மேன் சான்றிதழுக்கே போகலாம். அதற்குத்தான் அப்ரண்டிஸ் சான்றும் அனுபவமும். டிப்ளமா, பி.இ. மின்னியல் படித்து அனுபவமும் உள்ளவர்களுக்குச் சூப்பர்வைசர்.

விண்ணப்பத்தில் அதிகம் திருப்பி அனுப்பப்படுவது அனுபவச் சான்று. "இவர் எங்களிடம் நன்றாக வேலை செய்தார்" என்று லெட்டர் பேடில் எழுதி வாங்கினால் போதாது. எழுதிக் கொடுப்பவர் உரிமம் உள்ள மின் ஒப்பந்தக்காரரா, அவர் உரிம எண் அதில் இருக்கிறதா, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, என்ன வேலை, எந்த மின்னழுத்தத்தில் என்று தெளிவாக இருக்க வேண்டும். தேதிகள் உங்கள் பிஎஃப் பதிவோடு பொருந்த வேண்டும். வேலையை விட்டு நின்ற பிறகு போய்க் கேட்டால் சிலர் இழுத்தடிப்பார்கள், ஆகவே கையெழுத்துப் போடும் மனநிலையில் முதலாளி இருக்கும்போதே வருடத்துக்கு ஒரு முறை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சான்றிதழ் வந்ததும் அதைப் புதுப்பிக்க வேண்டிய தேதியை போனில் போட்டு வையுங்கள்.

படி 5: கம்பெனிக்குள் ஏறுவது

ஹெல்பராகச் சேர்ந்து, மெக்கானிக், பிறகு ரூட் மெக்கானிக். அதாவது ஒரு பகுதியிலுள்ள லிப்டுகள் முழுக்க உங்கள் பொறுப்பு. அண்ணா நகர், கே.கே. நகர் ஆஸ்பத்திரிகள் ஒரு ரூட். ரயில் நிலையத்துக்கு எதிரே மேலப்பெருமாள் மேஸ்திரி வீதி, டவுன்ஹால் ரோடு லாட்ஜுகள் ஒரு ரூட். பைபாஸ் ரோடு அபார்ட்மென்ட்டுகள் ஒரு ரூட் என்று பிரித்துக்கொள்ளலாம். மதுரையில் ஒரு விசேஷம் உண்டு. மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் கட்டடம் 9 மீட்டருக்கு மேல் உயரக்கூடாது என்று கட்டுப்பாடு இருக்கிறது. அதனால் மாசி வீதிகளுக்குள் நீங்கள் பார்ப்பது மூன்று மாடி லிப்ட், சரக்கு லிப்ட், சேனல் கேட் போட்ட பழைய லிப்ட். உயரமும் வேகமும் வேண்டுமென்றால் வெளிவட்டத்துக்குத்தான் போக வேண்டும். 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம், மாட்டுத்தாவணிப் பக்கம், தோப்பூர் எய்ம்ஸ் பக்கம் என்று வேலை நகர்ந்துகொண்டிருக்கிறது.

ஒரு யோசனை: முதல் இரண்டு வருடத்தில் கொஞ்ச காலமாவது பழைய லிப்டுகள் உள்ள ரூட் கேளுங்கள். எல்லோரும் புது மாடலுக்குத்தான் போட்டி போடுவார்கள். ரிலே கன்ட்ரோலரில் கற்றவன் போர்டு கன்ட்ரோலருக்குச் சுலபமாக மாறிவிடுவான். அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வருவதுதான் கஷ்டம்.

சேரும்போது பிஎஃப் பிடிக்கிறார்களா, மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்றால் இஎஸ்ஐ இருக்கிறதா என்று கேளுங்கள். தத்தனேரி என்றதும் மதுரைக்காரர்களுக்குச் சுடுகாடுதான் ஞாபகம் வரும், ஆனால் இஎஸ்ஐ ஆஸ்பத்திரியும் அங்கேதான் இருக்கிறது. அதற்குப் போக அட்டை இருந்தால் நல்லது. ராத்திரி அழைப்புக்குத் தனிப் பணமா, பெட்ரோல் யார் கணக்கு, ஹெல்மெட், ஹார்னஸ், ஷூ கம்பெனி தருகிறதா என்பவையும் சம்பளத்தைப் போலவே முக்கியம். தனி ஆளாகக் கேபின் தலையில் ஏறி வேலை செய்யச் சொல்லும் இடமென்றால் அடுத்த வேலையைத் தேடத் தொடங்குங்கள்.

விபத்து நடந்தால் என்ன செய்வது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். உரிமையாளர் மின் ஆய்வாளருக்குத் தகவல் கொடுக்க வேண்டும், அவர் சொல்லும்வரை லிப்டை மறுபடி ஓட்டக்கூடாது. "சார், சின்ன அடிதான், ஓட்டிடுங்க" என்று மேனேஜர் சொன்னாலும் நீங்கள் மெயினை ஆஃப் செய்து, பூட்டுப் போட்டு, சர்வீஸ் ஷீட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டு வாருங்கள்.

படி 6: சொந்தமாக

பத்துப் பதினைந்து வருடம் ஆனதும் சொந்தக் கம்பெனி ஆசை வரும். அப்போதுதான் ஆரம்பத்தில் சொன்ன நிறுவனக் காகிதம் தேவைப்படுகிறது. மின் ஒப்பந்தக்காரர் உரிமத்துக்குத் தகுதிச் சான்று உள்ள சூப்பர்வைசரும் ஒயர்மேனும் உங்கள் சம்பளப் பட்டியலில் இருக்க வேண்டும், இன்சுலேஷன் டெஸ்டர், எர்த் டெஸ்டர் போன்ற கருவிகள் கையில் இருக்க வேண்டும். வேறு ஒருவரின் சான்றிதழை மாத வாடகைக்கு வாங்கி உரிமம் எடுப்பவர்கள் உண்டு. விபத்து நடக்கும் நாளில் அந்த ஆள் போனை எடுக்க மாட்டார். நீங்களே சூப்பர்வைசர் சான்று வாங்கிவிட்டால் இந்தத் தலைவலி இல்லை, டிப்ளமா பேச்சை முன்னால் எடுத்தது இதற்காகத்தான். கடனுக்கும் மானியத்துக்கும் மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள், ஐடிஐ முடித்தவரும் விண்ணப்பிக்கக்கூடிய "நீட்ஸ்" திட்டம் இருக்கிறது.

ஆரம்பத்தில் புது லிப்ட் விற்க ஓடாதீர்கள். பராமரிப்பு ஒப்பந்தம்தான் சோறு போடும். உதிரிபாகம் சேர்த்த ஒப்பந்தம், சேராத ஒப்பந்தம் என்று இரண்டு வகை. பழைய லிப்டுக்குச் சேர்த்த ஒப்பந்தம் போட்டால் ஒரே ஒரு கயிறு மாற்றத்தில் வருட லாபம் போய்விடும். கையெழுத்துப் போடும் முன் கயிறு, ஷீவ் (கயிறு ஓடும் சக்கரம்) பள்ளம், பிரேக் லைனிங், ஏஆர்டி (கரண்ட் போனால் கேபினை மாடிக்குக் கொண்டுவரும் கருவி) பேட்டரி நாலையும் பார்த்து, போட்டோ எடுத்து, ஒப்பந்தத்தோடு இணையுங்கள்.

வளைகுடாவுக்குப் போகும் எண்ணம் இருந்தால்: பத்தாம் வகுப்புச் சான்றோடு பாஸ்போர்ட் எடுத்தால் குடியேற்றச் சோதனை தேவைப்படாத வகையில் கிடைக்கும். ஐடிஐ, அப்ரண்டிஸ் சான்றுகளின் மூலத்தை எந்த ஏஜென்டிடமும் கொடுக்காதீர்கள், நகல் போதும். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் முதலில் பதிவு செய்யுங்கள். தனியார் ஏஜென்ட் என்றால் மத்திய வெளியுறவுத் துறையின் பதிவு எண் உள்ளவரா என்று இ-மைக்ரேட் தளத்தில் சரிபார்த்த பிறகு பேசுங்கள்.